அறுபது வயதில் ஆணின் கண்

வயதான ஆணுக்கு வயதான பெண்ணின் உடல் அழகாகத் தெரிகிறது. மனசு, குணம், பொறுமை என்று சுற்றி வளைக்காமல் உடல் என்றே எழுதுகிறேன். கழுத்து, கை, நரைத்த முடி, நடை, குரல் எல்லாம்தான். எங்கள் பக்கத்தில் இதை வாய்விட்டுச் சொல்லும் ஆண் அபூர்வம். பேரன் பேத்தி எடுத்த பிறகு சம்சாரத்தை அழகு என்று சொன்னால் ஊர் என்ன பேசும் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பவர்கள் பெண்கள். இனி நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற முடிவுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜேடர்பாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். ஃபிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். பரமத்தி வேலூர், கபிலர்மலை, சோழசிராமணி, பிலிக்கல்பாளையம் என்று சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, சீர், மணிவிழா, எழவு எல்லாவற்றுக்கும் கேமரா தூக்கியிருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காவிரிப் படுகை அணைப் பூங்காவுக்கு வரும் குடும்பங்களையும் எடுத்திருக்கிறேன். ஒரே பெண்ணை மணப்பெண்ணாகவும், பிறகு பிறந்த வீட்டார் செய்யும் எழுதிங்கச் சீரிலும், மகள் கல்யாணத்தில் சம்பந்தியம்மாவாகவும், கணவரின் அறுபதாம் கல்யாணத்திலும் படம் எடுத்த அனுபவம் உண்டு. அந்தப் பெண்களை எடுத்த அளவுக்கு, அவர்களைப் பார்க்கும் ஆண்களின் முகத்தையும் கவனித்தவன் நான். படத்தை கவுண்டரில் வைத்ததும் ஓர் ஆணின் கண் முதலில் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்பது எங்கள் தொழிலில் தானாகவே பழகிவிடும்.

ராஜா வாய்க்கால் பக்கம் கரும்பாலை வைத்திருக்கும் ஒருவர் போன மாசியில் மணிவிழா பேனருக்காக மகளோடு வந்தார். மகள் போனில் அம்மாவின் படம் ஒன்றை வைத்திருந்தாள். ஏதோ ஓர் ஆப்பில் போட்டு, கன்னம் வழவழப்பாகி, கழுத்துக் கோடுகள் மறைந்து, நிறம் இரண்டு படி ஏறிய படம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது யாரு கண்ணு?" என்றார். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வெளியே போன் பேசப் போன நேரத்தில் தன் போனை எடுத்து வேறு ஒரு படத்தைக் காட்டினார். ஆலையில் எடுத்தது. கொப்பரையில் இருந்து இறக்கிய பாகு ஆறிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி எதற்கோ சிரிக்கிறார். முன்நெற்றி நரை அப்படியே இருக்கிறது. கழுத்தில் மூன்று மடிப்பு. வெல்லம் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. "இதுல தானுங்க லட்சணமா இருக்கறா. புள்ளைகிட்டச் சொல்லீறாதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். பேனரில் கடைசியில் ஏறியது மகள் கொண்டுவந்த படம்தான்.

அந்த மனிதர் தன் ரசனையை மகளிடமிருந்து மறைத்தார். மனைவியிடமிருந்தும் மறைத்திருப்பார். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெண்ணின் முகத்தைத் திருத்துவது எங்கள் தொழிலில் பழைய வேலை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நெகடிவிலேயே ரீடச் செய்வோம். நெகடிவில் சுருக்கம் என்பது வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் மெல்லிய கோடு. ஃபிலிமின் மருந்து பூசிய பக்கத்தில் ஒரு பசையைத் தேய்த்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். நிரப்பிய இடத்தில் வெளிச்சம் தடைபடும், பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். கண்ணுக்குக் கீழே உள்ள கருமைக்கு அரை மணி நேரம், வாயோரக் கோட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். நிறம் கூட்டச் சொல்லிக் கேட்பவர்களே அதிகம். அதுவும் 'பொண்ணு போட்டோ' என்றால் கேட்கவே வேண்டாம். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே நின்று "கொஞ்சம் செவப்பா வரட்டுங்க" என்பார். மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைக் காரணம் காட்டி ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிய காலம் அது. மாநிறப் பெண் என்பதற்காகவே மூன்று நான்கு வருஷம் தள்ளிப்போன கல்யாணங்கள் எங்கள் பக்கம் உண்டு.

அந்த மாப்பிள்ளைகளின் ரசனை இயற்கையானது, ரத்தத்தில் வந்தது என்று அப்போது எல்லோரும் நம்பினோம். பிறகு நடந்ததைப் பாருங்கள். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் பெண் குழந்தைகளைப் பிறக்கும் முன்பும் பிறந்த பின்பும் இல்லாமல் ஆக்கிய கொடுமை ஊரறிந்த விஷயம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கப்பட்டதே அதைத் தடுக்கத்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரை உள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள்தான் இருந்தார்கள். அந்தப் பையன்கள் இப்போது கல்யாண வயதில் நிற்கிறார்கள். அவர்களுக்கு முந்தின வயதுக்காரர்களில் முப்பத்தைந்து, நாற்பது ஆகியும் பெண் கிடைக்காதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். புரோக்கர் மூலம் கேரளத்துக்கும் போய்ப் பெண் பார்க்கிறார்கள். நிறம் கேட்கும் பேச்சே அடங்கிப்போனது. "பொண்ணு நல்ல பொண்ணா இருந்தாப் போதுமுங்க" என்கிறார்கள். வயது இரண்டு கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். இப்போது என் கடையில் டை அடித்துக்கொண்டு வந்து நிற்பதும், "கொஞ்சம் வயசு கம்மியாத் தெரியற மாதிரி" என்று கேட்பதும் ஆண்கள்.

அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் வேண்டா வெறுப்பாகவா வாழ்கிறார்கள்? முதல் குழந்தையின் காதுகுத்துக்கு அவர்களைப் படம் எடுக்கும்போது நான் பார்த்த வரையில் அந்த மனைவியை அந்தக் கணவன் ஆசையோடுதான் பார்க்கிறான். அவன் அப்பா காலத்தில் நிறம் சொல்லி ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய அதே முகத்தைத்தான். பேரம் பேசும் பலம் இருந்தபோது ஒரு ரசனை, பலம் போனபோது இன்னொரு ரசனை. அப்படியென்றால் இதில் பாதிக்கு மேல் பழக்கம். பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

இதற்கு மறுப்பாக விஞ்ஞானம் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. டேவிட் பஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், உலகத்தின் 37 இடங்களில் விசாரித்ததில் எல்லா இடத்திலும் ஆண்கள் தங்களை விட வயது குறைந்த பெண்ணையே மணக்க விரும்பியதாகச் சொன்னார். 1992-ல் டக்ளஸ் கென்ரிக், ரிச்சர்ட் கீஃப் இருவரும் மணமகள் தேவை விளம்பரங்களை ஆராய்ந்தார்கள். இந்தியப் பத்திரிகை விளம்பரங்களும் அதில் சேர்த்தி. ஆணுக்கு வயது ஏற ஏற, அவன் கேட்கும் பெண்ணுக்கும் அவனுக்கும் உள்ள வயது இடைவெளி கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. பிள்ளை பெறும் வயதை நோக்கி ஆணின் கண் சாய்கிறது என்பது இவர்கள் எல்லோருடைய விளக்கம்.

நான் அதை மறுக்கவில்லை. சாலையில் ஓர் இளம்பெண் போனால் அறுபது வயதுக்காரரின் தலையும் திரும்பத்தான் செய்கிறது. அதற்காக அவர் அவளோடு வாழ ஆசைப்படுகிறார் என்று முடிவு கட்டுவது தவறு. அந்த விளம்பரக் கணக்கிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. இடைவெளி கூடினாலும், ஆணின் வயதோடு சேர்ந்து அவன் கேட்கும் பெண்ணின் வயதும் ஏறிக்கொண்டேதான் போகிறது. அறுபது வயதுக்காரர் இருபது வயதுப் பெண்ணைக் கேட்கவில்லை. பின்லாந்தில் யான் ஆன்ட்ஃபோக் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. வயதாக ஆக ஆணின் விருப்ப எல்லை விரிகிறது, இளம்பெண்கள் மேல் ஆர்வம் மறையாவிட்டாலும் தன் வயதுப் பெண்கள் மேலும் ஆர்வம் சேர்ந்துகொள்கிறது, நடைமுறையில் அவர்கள் சேர்ந்திருப்பதும் பெரும்பாலும் தங்கள் வயதை ஒட்டிய பெண்களோடுதான். விளம்பரம் கொடுப்பவன் கையில் பெண் இல்லாதவன். முப்பது வருஷம் ஒருத்தியோடு வாழ்ந்தவனின் கண்ணை விளம்பரப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. அதைப் பார்க்க மணிவிழாவுக்குத்தான் போக வேண்டும்.

வசதிப்பட்டவர்கள் திருக்கடையூர் போகிறார்கள், சிலர் கொடுமுடியில் செய்கிறார்கள், மற்றவர்கள் ஊரிலேயே மண்டபத்தில். கலச நீர் ஊற்றி முடித்து, ஈரம் துவட்டி, புதுப்புடவை கட்டி அந்த அம்மாவை மணையில் உட்கார வைப்பார்கள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஈரத்தில் டை கொஞ்சம் இறங்கி நெற்றியோரம் வெள்ளை தெரியும். மகள்கள் ஓடிவந்து மறைக்கப் பார்ப்பார்கள். தாலி கட்டச் சொல்லும்போது அந்த மனிதர் முடிச்சுப் போட அவள் பிடரியில் குனிகிறார். இளம் மாப்பிள்ளை இந்த நேரத்தில் என்னைத்தான் பார்ப்பான், படத்தில் தான் எப்படி விழுகிறோம் என்பது அவன் கவலை. அறுபது வயதுக்காரர் கேமராவை மறந்துவிடுகிறார். முடிச்சைப் போட்ட பிறகும் கையை உடனே எடுப்பதில்லை. தளர்ந்த தோலில், மஞ்சள் பூசிய அந்தக் கழுத்தின் பின்பக்கத்தில் அவர் விரல் ஒரு நொடி கூடுதலாகத் தங்குகிறது. முகத்தில் கடமை முடித்த களை இருக்காது, ஆசைதான் இருக்கும். என் லென்ஸ் வழியே அதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்கிறேன்.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்து சாவகாசமாக உட்காரும்போது இந்த வயது ஆண்கள், சுற்றிலும் யாரும் இல்லையென்றால், கொஞ்சம் பேசுவார்கள். கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் தன் மனைவியின் கையைப் பற்றிச் சொன்னார். வெற்றிலை கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரலில் ஏறிய கறை போகாது, கவுளி அடுக்கும்போது அந்த விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் தனக்கு என்னவோ செய்கிறது என்றார். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவருக்குக் குரல். கல்யாணமான புதிதில் கீச்சென்று இருந்த குரல், இப்போது தணிந்து, அடித்தொண்டையில் இருந்து வருகிறதாம். விடியலில் அடுப்படியில் அவள் மருமகளோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பது பிடிக்கும் என்றார். இன்னொருவர், எழுபதைத் தாண்டியவர், மனைவியின் முழங்கையில் சின்ன வயதில் குத்திய பச்சையைச் சொன்னார். தோல் தளர்ந்ததில் அந்தக் கோலம் கொஞ்சம் பரவி, கறுப்பு நீலமாகி, பார்க்கப் பார்க்க அழகு கூடியிருக்கிறது என்றார். இவர்களில் யாரும் இதை அந்தப் பெண்களிடம் சொன்னதில்லை. கேட்டேன். "அதெல்லாம் எப்பிடீங்க போய்ச் சொல்றது?"

என்னைப் பற்றியும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் கதையைச் சொல்லித் தப்பித்ததாகும். என் மனைவிக்கு அறுபத்தொன்று. இதை அவளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன். பெண் பார்க்கப் போனபோது எனக்குத் தெரிந்தது இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலும் கண்ணும்தான். நாற்பதுகளில் எதைப் பார்த்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளைகள் படிப்பு, கடன், கடை வாடகை என்று ஓடிய வருஷங்களில் ஒருவரையொருவர் பார்க்கவே நேரம் இருந்ததில்லை. எங்கள் வயதுத் தம்பதிகள் நிறையப் பேர் இதையே சொல்வார்கள். ஆண்கள் மனைவியைப் பார்ப்பதை நிறுத்துவது பெண்ணுக்கு வயதாவதால் இல்லை, அந்த ஓட்டத்தால்தான். இப்போது மறுபடி பார்க்கிறேன். பின்னல் போய்ச் சின்னக் கொண்டை ஆகிவிட்டது. கையைத் தூக்கிக் கொண்டை முடியும்போது மேல்கைத் தசை ஆடுகிறது, பிடரியில் கொண்டைக்குள் அடங்காத வெள்ளை முடிகள் நிற்கின்றன. இரண்டு பிரசவமும் ஓர் ஆபரேஷனும் கண்ட வயிற்றில் தழும்பு மங்கிக் கிடக்கிறது. திண்ணையில் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கப்போட்டு, முதுகை நிமிர்த்தி அவள் உட்காரும் விதத்தில் ஒரு தோரணை இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் அது அவளிடம் இல்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு எங்கள் வீடுகளில் அப்படி உட்கார உரிமையும் கிடையாது. எனக்கு அவள் இன்று அழகு. மனசு அழகு என்று சொல்லிப் பூசி மெழுக மாட்டேன்.

சினிமா இந்த விஷயத்தில் எங்கள் தலைமுறைக்குத் துரோகம் செய்தது. 1950-ல் பிறந்த ரஜினிகாந்துக்கு 2014-ல் 'லிங்கா'வில் ஜோடி 1987-ல் பிறந்த சோனாக்ஷி சின்ஹா. கதாநாயகனோடு ரசிகனும் கிழவனானான், கதாநாயகி மட்டும் அதே வயதில் நின்றாள். விதிவிலக்காக, 2017-ல் 'பவர் பாண்டி'யில் ராஜ்கிரணையும் ரேவதியையும் எதிரெதிரே உட்கார வைத்து, அந்த வயதிலும் கண்கள் சந்திக்கும் என்று காட்டினார்கள். இப்படிப்பட்ட படங்களை விரல் விட்டு எண்ணலாம். போதும், சினிமாவை விடுவோம். இந்த நோய் அதைவிடப் பழையது.

நம் உலா இலக்கியங்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்தன. பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடிகிறது. அந்தக் கடைசிப் பருவத்துக்கு நிகண்டுகளும் பாட்டியல்களும் வைத்த உச்ச வயது நாற்பது. ஒட்டக்கூத்தர் போன்ற பெரும்புலவருக்கும் அதற்கு மேல் பாட ஆள் இல்லை. நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு பெண் எங்கே போவாள்? தமிழ் நினைவில் அவளுக்குக் கிடைத்த அடுத்த இடம் அவ்வை. கல்யாணப் பேச்சில் இருந்து தப்ப, பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கொடுத்துக் கிழத்தோற்றம் வாங்கிக்கொண்டவள் என்பது நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. காரைக்காலம்மையார் ஒரு படி மேலே போய்ப் பேயுருவம் கேட்டார். இரண்டு கதையும் ஒன்றைத்தான் நமக்குள் விதைத்தன. முதுமை வந்தால் ஆணின் பார்வை விலகிவிடும், அதுதான் பெண்ணுக்கு விடுதலை. ஆணின் பார்வை தொந்தரவாக இருக்கும் ஊரில் அந்தக் கதை பெண்ணுக்கு ஒரு கவசம், அதை மதிக்கிறேன். ஆனால் முதுமையும் அழகும் சேர்ந்திருக்க முடியாது என்ற முடிவையும் அதே கதைதான் நமக்குள் ஊட்டியது.

அந்த அவ்வையாக நடித்தவர் எங்கள் ஆற்றுக்கு அக்கரையில், கொடுமுடியில் பிறந்தவர். கே.பி.சுந்தராம்பாள். 1908-ல் பிறந்தார். நாடக மேடையில் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு அவர் பாடிய பாட்டுக்குத் தமிழ்நாடே கிறங்கியது. 1933-ல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைச் சேலைக்கு மாறினார், நகையைத் துறந்தார், இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. 1953-ல் 'அவ்வையார்', 1965-ல் 'திருவிளையாடல்'. என் அப்பா கொட்டகையில் பலமுறை பார்த்த படங்கள். அந்த அம்மாள் திருநீறு பூசிய நெற்றியோடு நிமிர்ந்து நின்று குரலை மேலே ஏற்றும்போது அப்பா கண்ணை எடுக்க மாட்டார். "அந்தம்மா அழகு யாருக்குடா வரும்" என்பார். கல்வி இல்லாத, கரும்பு வெட்டிப் பிழைத்த மனிதர். நாற்பதைக் கடந்த, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்ணின் முகத்தை அழகு என்று வெட்கமில்லாமல் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. பக்தி வேஷம் என்பதால் அந்தப் பாராட்டை ஊர் அனுமதித்தது. அதே வார்த்தையை என் அம்மாவுக்கு அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளைச் சேலை எங்கள் பக்கத்து விதவைகளுக்கு விதி. இந்தத் தலைமுறையில் தளர்ந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. நேற்று வரை கணவனுக்கு அழகாக இருந்த பெண், இன்று காலை அவன் செத்ததும் பூவையும் வளையலையும் நிறத்தையும் இழக்கிறாள். ஐம்பது வயதில் மனைவியை இழந்த ஆணுக்கு அடுத்த வருஷமே பெண் பார்க்கிறார்கள். ஐம்பது வயது விதவைக்கு யாராவது பார்க்கிறார்களா? கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டால் அவர்கள் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவார்கள். நான் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நிறுத்துவேன். சில வீடுகளில் அதற்காக என் மேல் வருத்தப்பட்டிருக்கிறார்கள். வருத்தப்பட்டுக்கொள்ளட்டும்.

கணவன் உயிரோடு இருக்கும் பெண்கள் கொடுக்கும் விலை வேறு மாதிரி. தலைக்கு அடிக்கும் டையில் இருக்கும் பாரா பினைலின் டையமின் என்ற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நெற்றி தடித்து, கண் இமை வீங்கி, காதோரம் நீர் கோத்து வந்து நிற்பவர்களைக் கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்திருக்கிறேன். தோல் டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அடுத்த விசேஷத்துக்கு மறுபடி அடித்துக்கொள்வார்கள். சிவப்பழகு கிரீம் 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று வந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது. 2020-ல் பெயரில் இருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தார்கள், ஆசை எங்கேயும் போகவில்லை. பெயர் ஊர் தெரியாத கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதும், அதைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. யாருக்காகப் பூசுகிறீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் கெழவின்னு சொல்றாங்க" என்பார்கள். எல்லாரும் என்பதில் முதல் ஆள் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். தமாஷாகச் சொன்னேன் என்பார் அவர். உள்ளே ஆசையை வைத்துக்கொண்டு வெளியே 'கெழவி' என்று கூப்பிடும் ஆணை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் மருமகள் இதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "பொம்பளைங்க அழகா இருக்கறாங்களா இல்லையான்னு ஆம்பளைங்க எதுக்கு மாமா சர்ட்டிபிகேட் தரோணும்?" தர வேண்டியதில்லை. அவள் சொல்வது நியாயம். அவள் வயதுப் பெண்கள் கண்ணாடியைத் தங்களுக்காகப் பார்க்கப் பழகிவிட்டார்கள், அது நல்லது. ஆனால் அவள் மாமியார் தலைமுறைக்கு அந்தப் பழக்கத்தை யாரும் கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்த நாளில் இருந்து அவர்கள் உடம்புக்கு மதிப்பெண் போட்டது ஆண்கள்தான். மதிப்பெண் போட்ட கை பாதியில் நின்றுபோனால், தான் தோற்றுவிட்டதாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். நாம் தொடங்கி வைத்ததை நாம்தான் சரி செய்ய வேண்டும்.

என் தொழிலில் எனக்கு மனம் நோகிற வேலை ஒன்று உண்டு. ஒரு வீட்டில் அம்மா இறந்துபோனால், மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும் என்று பிள்ளைகள் வருவார்கள். தனியாக எடுத்த படம் இருக்காது. ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாம் வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். அதை வெட்டி, பெரிதாக்கி, இல்லாத பாதியை நான் வரைய வேண்டும். அப்பாவின் படம் மட்டும் ஐம்பது, அறுபது, எழுபது என்று எல்லா வயதிலும் இருக்கும். 'நான் எதுக்குங்க, நீங்க நில்லுங்க' என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் நகர்ந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஆண் ஒரு முறை கூட 'நீயும் வா, நீ அழகாத்தான் இருக்கற' என்று சொல்லவில்லை.

என் வயது ஆண்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மனைவியிடம் உங்களுக்கு எது பிடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கையா, குரலா, நரையா, நடையா, எதுவோ அதை அவர் காதில் விழும்படி பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது, மகன்கள் கற்றுக்கொள்வார்கள். 'கெழவி' என்ற வார்த்தையை வீட்டில் விட்டுவிடுங்கள். இந்த மாதமே பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு ஸ்டூடியோவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாக ஒரு படம் எடுங்கள். நிறம் கூட்ட வேண்டாம், கோடு அழிக்க வேண்டாம் என்று போட்டோகிராபரிடம் நீங்களே சொல்லுங்கள்.